ரசீத் அண்ணாச்சியின் மினிபஸ்ஸில் காற்றை இறக்கியது பற்றி கலையரசி சொன்னது

கலையரசி, வயது 39, கணவர் பெயர் சொரிமுத்து, கதவு எண் 4/17, வாய்க்கால் தெரு, ஆழ்வார்குறிச்சி, தொழில் பீடி சுற்றுதல். 25.07.2025 வெள்ளிக்கிழமை காலை 10.40 மணிக்கு நானாகவே காவல் நிலையத்தில் ஆஜராகி, பெண் சார்பு ஆய்வாளர் முன்பாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் கணவர், மகளுடன் வசித்து வருகிறேன். கணவருக்கு 45 வயது. ரசீத் அண்ணாச்சிக்குச் சொந்தமான மினிபஸ்ஸில் பதினொரு வருடமாக ஓட்டுநர். மகள் பிரேமலதா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த 23.07.2025 புதன்கிழமை மேற்படி பஸ்ஸின் டயர்களைச் சேதப்படுத்தியதாகச் சங்கர் என்பவரை நேற்று விசாரணைக்கு அழைத்து வந்திருக்கிறீர்கள். என் கணவர் விடுப்பில் இருந்தபோது சங்கர்தான் அந்தப் பஸ்ஸை ஓட்டினார். கணவர் வேலைக்குத் திரும்பியதால் அவருக்கு வேலை போனது. அந்த ஆத்திரத்தில் செய்திருப்பார் என்று சந்தேகப்படுகிறீர்கள். அவர் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

கணவருக்குக் கடந்த மார்ச் மாதத்திலிருந்து உடம்பு சரியில்லை. விபத்தோ சண்டையோ எதுவும் நடக்கவில்லை. முதலில் சாப்பாடு குறைந்தது. அதன் பிறகு பேச்சு நின்றது. அதன் பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். குளிக்கச் சொன்னால் எழுந்து குளியலறைக்குப் போய், தண்ணீர் ஊற்றாமல் நின்றுவிட்டு வருவார். நான்கு மாதம் இப்படியே போன பிறகு, 07.07.2025 திங்கட்கிழமை, நானும் அவருடைய அண்ணன் மணிராஜும் அவரைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவர் ஹம்ஸினி அவர்களிடம் காட்டினோம்.

மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். இது காய்ச்சல் மாத்திரை போல அன்றைக்கே கேட்காது என்றும், தூக்கமும் பசியும் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் சரியாகலாம், மனசு தெளிய நாலு வாரமாவது, சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும், பலன் இல்லை என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார். திடீரென்று அளவுக்கு மீறிய உற்சாகம் வந்து தூக்கம் இல்லாமல் போனால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதித் தந்தார். அதன் பிறகு, இவருக்கு இதற்கு முன்பு எப்போதாவது தூக்கம் இல்லாமல், மிதமிஞ்சிய உற்சாகத்தோடு திரிந்த காலம் உண்டா என்று கேட்டார். நான் அவரைக் கல்யாணம் செய்து பதினாறு வருடம்தான் ஆகிறது, அதற்கு முந்தியது எனக்குத் தெரியாது. அண்ணன் மணிராஜ், "எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கெடையாது டாக்டர்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் மருத்துவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள், 15.07.2025 செவ்வாய்க்கிழமை காலை நான் எழுந்தபோது கணவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் பெயரைச் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். அன்று முழுவதும் தெருவில் எல்லோரிடமும் பேசினார். மணிராஜ் வந்து தம்பியைக் கட்டிப்பிடித்தார். ரசீத் அண்ணாச்சி வீட்டிலிருந்து பிரியாணி வந்தது.

அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. நாலு வாரம் ஆகும் என்று சொன்னது ஒரு வாரத்தில் எப்படி வந்தது என்று யோசித்தேன். கூடுதலாக மாத்திரை போட்டுக்கொள்கிறாரோ என்று அட்டையை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது. குடித்திருக்கிறாரோ என்று பக்கத்தில் போய் வாயை மோந்து பார்த்தேன், வாடை இல்லை. நோயிலிருந்து எழுந்தவருக்குப் பசிக்க வேண்டும் என்று அவருக்குப் பிடித்த சொதி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார். இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை, ஆனால் பகலில் களைப்பும் இல்லை. ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொன்றுக்குத் தாவினார். "இந்த ரூட்ட குத்தாலம் வரைக்கும் கொண்டு போறேன் பாரு, கலெக்டர்ட்ட நானே பேசுதேன்" என்றார். முதலாளியிடம் கேட்டாயிற்றா என்று நான் கேட்டதற்கு, கையில் இருந்த செம்பைச் சுவரில் எறிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்ததில்லை. எறிந்த மறு நிமிடமே சிரித்தார்.

21.07.2025 திங்கட்கிழமை முதல் மீண்டும் பஸ் ஓட்டினார். மறுநாள் சாயங்காலம் என் மகள் அதே பஸ்ஸில் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல், "எம்மா, அப்பா பாலத்து மேல வரும்போது ஸ்டியரிங்க விட்டுட்டு கைதட்டுனாவ. எல்லாரையும் பாடச் சொன்னாவ. பிள்ளைகள்லாம் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் பயமா இருந்துச்சு" என்றாள். அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

அதன் பிறகு நான் மருத்துவர் எழுதித் தந்த நம்பருக்குப் பேசினேன். எவ்வளவு நேரம் தூங்குகிறார், தூங்காததற்குக் களைப்பு தெரிகிறதா, எரிச்சல் உண்டா, பெரிய பெரிய திட்டம் சொல்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இது குணமாகிறது மாதிரி தெரியலம்மா. இது நோயோட இன்னொரு பக்கம். அந்த மாத்திரைய இனி கொடுக்காதீங்க. ஒடனே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டியில கைவைக்க விடாதீங்க" என்றார்.

நான் கணவரைக் கூப்பிட்டேன், வர மறுத்தார். அதன் பிறகு ரசீத் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன். அவர், "ஏம்மா, நாலு மாசம் வாயே தெறக்காதவன் இன்னைக்கு வாய் நெறய சிரிக்கான். நீ ஏன் சந்தேகப்படுத?" என்றார். அதன் பிறகு மணிராஜ் அத்தானிடம் போனேன். தம்பியைப் பிடித்துக் கூட்டிப்போக உதவி கேட்டேன். அவர் என்னை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்தி, "சங்கருக்கு வேல போச்சேன்னு ஒனக்கு ஏன் இப்படி வலிக்கி?" என்றார். அவர் மனைவியும் அங்கே நின்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன். சங்கருக்கும் எனக்கும் எந்தப் பழக்கமும் இல்லை. பஸ்ஸில் அவருக்குச் சில்லறை கொடுத்ததைத் தவிர அவரிடம் பேசியதும் இல்லை.

காவல் நிலையத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். புருசன் சிரிக்கிறார், தூங்கவில்லை என்று எப்படிப் புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

23.07.2025 புதன்கிழமை காலை பஸ் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கணவர் தேடக்கூட இல்லை. நேராக முதலாளியிடம் போய் மாற்றுச் சாவி வாங்கிவந்து வண்டியை எடுத்தார். நான் என் மகளை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நிறுத்திக்கொண்டேன். பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஜன்னலில் மற்ற பிள்ளைகளின் தலை தெரிந்தது. என் மகளின் கூட்டாளி ஒருத்தி இவளைப் பார்த்துக் கையசைத்தாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு எனக்குப் பீடி சுற்ற ஓடவில்லை.

மதியம் ஒன்றரை மணிக்குக் கணவர் வழக்கம்போல பஸ்ஸை எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நடத்துநர் சாப்பிட அவர் வீட்டுக்குப் போனார். மறுபடி பஸ் எடுக்க வேண்டியது மூன்றே காலுக்கு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் நடை. கணவர் கண்ணாடி முன் நின்று யாருடனோ பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார். சுமார் இரண்டு மணிக்கு நான் பின்வாசல் வழியாகப் போனேன். என் அப்பா கல்லிடைக்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அதனால் டயர் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்ற எனக்குத் தெரியும். முன் சக்கரம் இரண்டிலும், பின்னால் வெளிப்பக்கச் சக்கரம் இரண்டிலும் கழற்றினேன். காற்று போகும் சத்தம் வீட்டுக்குள் கேட்குமோ என்று முந்தானையைச் சுருட்டி வால்வின் மேல் பிடித்துக்கொண்டேன். ஊசி நான்கையும் வாய்க்காலில் போட்டேன். கத்தியால் கிழித்ததாகப் புகாரில் இருக்கிறது. நான் கத்தி எடுத்துப் போகவில்லை.

டயர் கிழிந்தது அதன் பிறகுதான். இரண்டே முக்காலுக்குக் கணவர் வெளியே வந்து டயர்களைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கைகொட்டி, "காத்து இல்லாட்டி என்னலே, நானே காத்துதான்" என்று சொல்லி வண்டியில் ஏறினார். நான் கதவைப் பிடித்துத் தொங்கினேன், என் கையைத் தட்டிவிட்டார். இரும்பு தரையில் உரசும் சத்தத்தோடு பஸ் சுமார் நூறு அடி போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதி நின்றது. பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. அவருக்கு நெற்றியில் காயம். ரத்தம் வழிய இறங்கி, கூடியவர்களிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னார். அப்போதுதான், சத்தம் கேட்டு ஓடிவந்த ரசீத் அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆனால் டயரைச் சேதப்படுத்தியவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே புகார் கொடுத்திருக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான்கு பேர் சேர்ந்து பிடித்து, கணவரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மருத்துவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அப்போது மணிராஜ் அத்தான், தம்பி இருபத்திரண்டு வயதில் மூன்று வாரம் தூங்காமல், ஊர்க்குளத்துக்குத் தனியாளாகக் கரை கட்டப்போவதாக மண் வெட்டிக்கொண்டிருந்தான் என்றும், கோவிலில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டிருந்தோம் என்றும் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மருத்துவர் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பாங்களா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதல் நாளே இது தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்திருக்க மாட்டேன் என்று மருத்துவர் சொன்னார்.

நேற்று கணவருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பத்து நாளாகப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, நான்தான் காற்றை இறக்கினேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு அவர், "நாலு மாசமா நான் செத்துக் கெடந்தேன். அப்போ நீ யார்ட்டயும் போய்ச் சொல்லல. நான் சிரிச்ச ஒடனே ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டியே" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. பேசாமல் படுத்திருந்தவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நான் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். சங்கரைப் பிடித்துவிட்டார்கள் என்று மகள் போனில் சொன்னதால் இன்று காலை பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டு இங்கே வந்தேன்.

மேலே எழுதியது முழுவதையும் எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில், கணவரின் உயிரைக் காப்பாற்றும் எண்ணத்தில் காற்றை இறக்கினேன் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்பதால் அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். வால்வைக் கழற்றும்போது பிள்ளைகள்தான் என் நினைவில் இருந்தார்கள். அவரைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. இந்தத் திருத்தத்துடன் நான் சொன்னவை அனைத்தும் நடந்தது நடந்தபடியே உள்ளன என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சொ. கலையரசி