காக்காவுக்கு வைக்கிற சோறு

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் எதிரே இருந்த இருவரும் யாரையோ சுடப் போகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். அந்த ஆள் மடியிலிருந்த நீளப் பை அப்படி. உள்ளிருந்து கேமரா முக்காலி வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"வல்லூறு இன்னும் முட்டை மேலதானே இருக்கு அண்ணே?" என்றாள் கூட வந்த பெண்.

"ஆமா லா. எங்க பால்கனிக்கு நேர் மேல, பன்னிரண்டாவது மாடி விளிம்புல. எதிர் கார் பார்க்லேர்ந்துதான் படம் எடுக்கணும். கிட்ட போனா எழும்பிடும். முட்டை வெயில்ல வெந்துடும்."

"இன்னிக்குச் சனிக்கிழமை. அண்ணி காக்காவுக்குச் சோறு எங்க வைப்பாங்க?"

அவர் முகம் மாறியது. "பால்கனியிலதான்."

"அத்தனை காக்காவும் கூடினா முட்டைய விடுமா?"

உடனே போனை எடுத்தார்.

"சோறு வச்சிட்டியா? கையிலதான் இருக்கா? அப்படியே கீழ கொண்டுபோய் வை... சனீஸ்வரன் கோவிச்சுக்க மாட்டாரு, நீ இறங்கு!"

ஷா ஆலம் தாண்டியதும் அவர் மனைவி திரும்ப அழைத்தார். அந்த அம்மா மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. லிஃப்ட் பழுதாம். பதினொரு மாடியும் படியில் இறங்கி, சோற்றை அந்த எதிர் கார் பார்க்கில் வைத்துவிட்டாராம். வல்லூறு முட்டையை விட்டு எழும்பவில்லையாம்.