கதவுல ஒட்டின சீட்டு

இல்ல டீச்சர், அந்த ஃபாரத்தை உள்ள வெச்சுடாதீங்க. தப்பா டிக் அடிச்சுட்டேன். எடுத்த வேலையைப் பாதியில விடுறாங்களான்னு கேட்டிருக்கு, ஆமான்னு போட்டுட்டேன். பொருளைத் தொலைக்கிறாங்களா, அதுக்கும் ஆமா. பத்தாவது கேள்வி வரும்போதுதான் உறைக்குது, நான் பாப்பாவுக்குப் பதில் சொல்லல, எனக்குச் சொல்லிட்டிருக்கேன்.

சிரிங்க, பரவால்ல. வீட்லயும் சிரிப்புதான். நான் சட்டை தைக்கிறவ. மூணு பட்டன் வெச்சுட்டு நூல் எடுக்க எந்திரிப்பேன். வழியில அடுப்பு அழுக்கா இருக்கும். துடைக்கத் துணி தேடப் போய், பீரோவையே கீழ கொட்டி மடிக்க உட்கார்ந்துடுவேன். சாயங்காலம் சட்டைக்காரர் வந்து நிப்பார், அதுல அதே மூணு பட்டன். உன் தலைக்குள்ள யாரோ ரேடியோ முள்ளைத் திருகிட்டே இருக்காங்கடின்னு பாப்பாவோட அப்பா சொல்வார். சிரிச்சுட்டேதான் சொல்வார்.

பாப்பாவா? அவ அப்படியே தலைகீழ். எட்டு வயசுதான், என் கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். இவங்க அப்பா அவளை மேனேஜரம்மான்னு கூப்பிடுவார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, நேத்து நீங்க கூப்பிட்டுப் பேசற வரைக்கும்.

ரெண்டு மணிக்கு மேல பாடமே கவனிக்கிறதில்ல, ஜன்னல் வழியா கேட்டையே பார்த்துட்டிருக்கான்னீங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதுல விழலைன்னீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு இதைக் குடுத்தீங்க. உங்க மேல தப்பில்ல. யாரா இருந்தாலும் அதான் நினைப்பாங்க.

என்னையா? யாரு டீச்சர் என்னைக் காட்டினாங்க. எங்கம்மா சோம்பேறின்னாங்க. மாமியார் கொஞ்சம் மரியாதையா, பொறுப்பில்லாதவன்னாங்க. ஏடிஹெச்டின்னு இதுக்கு ஒரு பேர் இருக்கு, பெரியவங்களுக்கும் இருக்கும், சமாளிக்க வழி இருக்குன்னு முப்பத்தஞ்சு வயசுல உங்க ஃபாரத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிறேன்.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போயிட்டேன் பாருங்க. சீட்டு. வாசக்கதவுல உள்பக்கம் பாப்பா ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்கா, பென்சில்ல, கோணல்மாணலா. வெளிய கிளம்பும்போது நான் சத்தமாப் படிக்கணுமாம். கேஸ், சாவி, ஃபோன். அதுக்குக் கீழ, நான்.

நான்னா அவதான். போன மாசம், நீங்க லீவுல இருந்தப்ப, ஒருநாள் அவளைக் கூப்பிட வர மறந்துட்டேன். அன்னிக்குன்னு பார்த்து தையல்ல அப்படி ஒரு கவனம், வெச்ச ஊசியை எடுக்கல. பன்னெண்டு சட்டையும் முடிஞ்சுது. நிமிர்ந்தா ஆறு மணி. ஃபோன் பீரோவுக்குள்ள, மடிச்ச துணிக்கு நடுவுல அடிச்சு ஓஞ்சிருக்கு. ஓடி வந்தேன். வாட்ச்மேன் பக்கத்துல பையை மடியில வெச்சு உட்கார்ந்திருந்தா. அழல. சட்டையெல்லாம் முடிஞ்சிடுச்சாம்மான்னு கேட்டா.

அதனால ஃபாரத்துல மேல அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிக்கிறேன். டாக்டர் ஒத்துக்குவார்ல?

மணி என்ன, மூணே காலா? இப்ப அவளுக்கு டிராயிங் பீரியட்தானே. நான் போய் கேட்டுக்கு வெளிய நிக்கிறேன் டீச்சர். இங்க உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியாது.