ஜெர்மன்காரர் பேர்ல ஒரு கார்

இல்லீங்க ஐயா, பணம் கேட்டு வரல. கேட்டைச் சாத்தாதீங்க, ரெண்டே நிமிஷம். நாயை வேணா பிடிச்சுக்குங்க. பிடிக்காட்டியும் சரி, கடிச்சா கடிக்கட்டும், நான் போறதா இல்ல. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினது. ஆத்துப் பாலம் வரைக்கும் பஸ், பாலத்தை நடந்தே தாண்டி இந்தப் பக்கம் ரயிலு, அப்புறம் உங்க ஸ்டேஷன்லேருந்து நாலு கிலோமீட்டர் நடை. போன வாரமும் வந்தேன். உங்க வீட்டம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பாத்துட்டு மறுபடி இழுத்து விட்டுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க வீட்டு வாசல்ல எவளோ ஒருத்தி ஃபைலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னா நானும் அதைத்தான் செய்வேன்.

நீங்கதானே லேமான் ஐயா? அப்பாடா.

எம்பேரு லூசினா. ஆத்துக்கு அந்தப் பக்கம், போலந்து. ஆமா, ஜெர்மன் நல்லாத்தான் பேசுவேன். உங்க நாட்டுல ஆறு வருஷம் வயசானவங்களைப் பாத்துக்குற வேலை பாத்தவ நான். ஒரு அம்மா, தொண்ணூத்தி ரெண்டு வயசு, நாள் பூரா என்னைத் திருத்திக்கிட்டே இருக்கும். குளிப்பாட்டுறப்பகூட விடாது. அது போட்ட பிச்சைதான் இந்தப் பேச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த நீலக் கார். பின்னாடி நீட்டமா, சாமான் வைக்க இடம் உள்ளது. உங்களுதுதானே? டேஷ்போர்டுக்குள்ள பல் டாக்டர் சீட்டு ஒண்ணு கிடந்துச்சு, உங்க பேரு போட்டு. இந்தாங்க, இது விற்பனை ஒப்பந்தம். நகல்தான், அசல் கோர்ட்டுல இருக்கு. விக்கிறவர்ங்குற இடத்துல இருக்கே, இது உங்க கையெழுத்துதானே? வாங்குறவர்ங்குற இடத்துல எங்க வீட்டுக்காரர் பேரு. ரோமன். அவரை நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா? இல்லைதானே. அவரும் உங்களைப் பாத்ததில்ல. மூஞ்சி தெரியாத ரெண்டு பேரு ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டு யாவாரத்தை முடிச்சிருக்கீங்க.

உங்ககிட்ட வந்தவன் ஸ்வாவெக். தடிச்ச ஆளு, எப்பவும் பச்சை ஜெர்கின், வாய்ல சூரியகாந்தி விதை. ஆங், அவனேதான். உங்க கையில எழுநூறு யூரோ குடுத்தான், வாங்குறவர் பேரை எழுதாம விட்டுட்டு உங்ககிட்ட கையெழுத்து வாங்கினான். அப்படித்தானே? எங்ககிட்ட எவ்வளவு வாங்கினான் தெரியுமா? பதினெட்டாயிரம் ஸ்லோட்டி. உங்க காசுக்கு நாலாயிரத்துக்கு மேல.

இருங்க, இருங்க. அந்த மீதிக் காசுல உங்களுக்குப் பங்கு கேக்கச் சொல்லியோ, எங்களுக்குத் திருப்பிக் குடுங்கன்னோ வரல. சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. பழைய காரை இன்னொருத்தர்கிட்டேருந்து வாங்கினா, பதினாலு நாளுக்குள்ள வரி ஆபீசுக்குப் போயி நூத்துக்கு ரெண்டு கட்டணும். கார் வெளிநாட்டுல வாங்கினதுன்னா அந்த ரெண்டு கிடையாது. அதனால என்ன பண்றாங்க, ஸ்வாவெக் மாதிரி ஆளுங்க இங்கேருந்து காரைக் கொண்டாந்து அவனவன் வீட்டுக் கொல்லையில நிறுத்தி வச்சு விக்கிறான். தாள்ல மட்டும் நேரா ஜெர்மன்காரர்கிட்டேருந்து வாங்கின மாதிரி. நமக்கு ரெண்டு பர்சன்ட் மிச்சம், அவனுக்கு அவன் பேரே எங்கேயும் இல்ல. ஜெர்மன்காரர் பேர்ல எழுதுறதுன்னு இதுக்குப் பேரே இருக்கு. எங்க தெருவுல பாதிக் காரை ஜெர்மன்காரங்கதான் வித்திருக்காங்க, ஒருத்தராவது எங்க தெருப் பக்கம் வந்திருப்பாங்களா? பாதிரியார் கார்கூட அப்படித்தான்.

ரோமனுக்கு இது பிடிக்கல. அதை நான் சொல்லியே ஆகணும். அந்த மனுஷன் தச்சு வேலை பாக்குறவரு. ஒரு பலகையை மூணு தரம் அளந்துட்டுத்தான் ரம்பத்தையே எடுப்பாரு. வரியைக் கட்டிட்டுப் போயிருவோம் லூசின்னாரு. பதினெட்டாயிரத்துக்கு ரெண்டு பர்சன்ட் எவ்வளவு? முந்நூத்தி அறுபது ஸ்லோட்டி. நான்தான் விடல. பெரிய யோக்கியரு வந்துட்டாரு, அந்த முந்நூத்தி அறுபதுல நாலு டயருல ஒண்ணாவது மாத்தலாம்னேன். ஸ்வாவெக்குக்கு முன்னாடியே சொன்னேன். அவன் விதையைத் துப்பிட்டுச் சிரிச்சான். அம்மாவுக்குத்தான் யாவாரம் தெரியுதுன்னான். எனக்கு அது குளுகுளுன்னு இருந்துச்சு ஐயா. கடுகு போன இடத்தைத் துருவித் துருவிப் பாத்தேன், பூசணிக்கா போன இடம் தெரியல.

மார்ச்சுல வாங்கினோம். ஜூன் மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில ரோமன் கடைக்குப் போயிட்டு வர்றாரு. வேகம் ஒண்ணும் இல்ல, அவரு வேகமாப் போனா கல்யாணத்தன்னிக்கே நேரத்துக்கு வந்திருப்பாரே. சர்ச் வளைவுல ஸ்டியரிங் கையோட சுத்துது, சக்கரம் திரும்பல. எதிர்ப்பக்கம் ஸ்தெஃபாக்கா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தாங்க.

ஸ்தெஃபாக்கா எங்களுக்கு மூணாவது வீடு. தபாலாபீசுல இருந்து ரிட்டையர் ஆனவங்க. மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அப்புறம் போயிட்டாங்க.

நாயை விடுங்க ஐயா, அது பாவம், என்னை மோந்து பாக்கணுங்குது. பாக்கட்டும்.

ரோமனுக்கு மூணு விலா எலும்பு முறிஞ்சுச்சு. அது கூடிருச்சு. ஆனா மனுஷன் கூடல. பட்டறைக்குப் போறாரு, பலகையை அளக்குறாரு, மறுபடி அளக்குறாரு, அறுக்க மாட்டேங்குறாரு. ஸ்தெஃபாக்கா வீட்டு முன்னாடி படி ரெண்டு உளுத்துப் போயிருந்துச்சு, போயிச் சரி பண்ணிட்டு வந்தாரு. அவங்க மவன் பாத்துக்கிட்டே நின்னானாம்.

காரைப் பிரிச்சுப் பாத்த ஆளு சொல்றாரு, முன்பக்கம் பூராவும் வேற ஏதோ கார்லேருந்து வெட்டியெடுத்து ஒட்டினதாம். ஸ்டியரிங் கம்பியில வெல்டிங் வச்சு மேல பெயின்ட். ஓடுறதுக்குத் தகுதின்னு சீல் குத்தினது ஸ்வாவெக்கோட மச்சான். கேட்டா, நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் அவங்க என்ன பண்ணினாங்களோங்குறான். ஸ்வாவெக் என்ன சொல்றான் தெரியுமா? எனக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமே இல்ல, அவங்க ஜெர்மன்காரர்கிட்ட வாங்கினாங்க, நான் என் லாரியில ஏத்திட்டு வந்து இறக்கினேன், வாடகை வாங்கினேன், அவ்வளவுதான்னு சிலுவை மேல அடிச்சுச் சத்தியம் பண்றான். தாளும் அதைத்தானே சொல்லுது?

அதுவும் போகட்டும். கீழ பாருங்க. இங்க. உங்க கையால ஒரு வரி எழுதியிருக்கீங்க. விபத்துல சிக்கிய வாகனம், ஓட்டத் தகுதியற்றது. நீங்க நியாயமா எழுதிட்டீங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அந்த வரிக்கு நேர் கீழ ரோமன் கையெழுத்து. அரசு வக்கீல் அந்த வரியில விரலை வச்சுக்கிட்டு விரலை எடுக்கவே மாட்டேங்குறாரு. உடைஞ்ச காருன்னு தெரிஞ்சே எழுநூறு யூரோவுக்கு வாங்கி, எவன்கிட்டயோ மலிவா ஒட்டுப்போட்டு ரோட்டுல ஓட்டி ஒரு உயிரை எடுத்திருக்காருன்னு. எட்டு வருஷம் வரைக்கும் போடலாமாம். அவருக்கு இப்பவே அம்பத்தி ஏழு.

அதான் உங்ககிட்ட வந்தேன். பொய் சொல்லச் சொல்லல ஐயா. நடந்ததை எழுதுங்க. காரை ஸ்வாவெக்குக்கு வித்தேன், வாங்குறவர் பேரு எழுதாத தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன், இந்த ரோமன்ங்கிறவரை நான் பாத்ததே இல்ல. மூணு வரி. வியாழக்கிழமை கோர்ட்டு. உங்களுக்கு அங்கேருந்து ரெண்டு தரம் கடிதம் வந்துச்சாம், பதில் வரலேன்னு எங்க வக்கீல் சொன்னாரு.

தெரியும். பயமாத்தான் இருக்கும். பேரு இல்லாத தாள்ல கையெழுத்துப் போட்டது உங்களுக்கும் வம்பாகுமோன்னு வீட்டம்மா சொல்லியிருப்பாங்க. வக்கீல்கிட்ட கேட்டுட்டேன், உங்களுக்கு ஒண்ணும் வராதுங்குறாரு. வந்தா அந்த அபராதத்தை நான் கட்டுறேன். மறுபடியும் இங்க வந்து எவ்வளவு கிழவிகளைக் குளிப்பாட்டணுமோ அவ்வளவு குளிப்பாட்டிக் கட்டுறேன். உங்களுக்கு முடியாம போனா உங்களையும் பாத்துக்குறேன், சம்பளமே வேண்டாம். என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல. காலுல விழச் சொன்னா விழுறேன். எங்க ஊர்ப் பொம்பளைங்க காலுல விழுற ஆளுங்க இல்ல, ஆனா விழுறேன்.

ஒக்காரவா? சரி, இந்தத் திட்டுல ஒக்காந்துக்குறேன். வேண்டாம், காப்பி வேண்டாம். பேனா எடுத்துட்டு வாங்க. என்கிட்டயும் இருக்கு.

என்ன கேட்டீங்க?

இல்ல, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு.

கேப்பீங்களா மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். அஞ்சு மாசமா போலீசு, வக்கீலு, அரசு வக்கீலு, ஜட்ஜம்மா, ஸ்தெஃபாக்கா மவன், ஒருத்தர்கூட என்னை இதைக் கேக்கல. அவங்களுக்கு நான் வேலைக்காரி. மூத்திரத் துணி மாத்தப் போனவளுக்கு எழுத்து தெரியுமான்னு யாரு யோசிப்பா? நீங்க அஞ்சு நிமிஷத்துல கேட்டுட்டீங்க.

ஆமா ஐயா, அந்த வரியைப் படிச்சேன். அன்னிக்கே படிச்சேன். ஸ்வாவெக் கொல்லையில, அந்தக் கார் மேல தாளை வச்சு, ரோமன் என்கிட்டதான் நீட்டினாரு. கையால ஏதோ கிறுக்கியிருக்கே லூசி, என்னன்னு பாருன்னாரு. உங்க எழுத்து நல்ல எழுத்து, தெளிவா இருந்துச்சு. ஸ்வாவெக் என்னையே பாத்துக்கிட்டிருந்தான்.

அதுக்கு முன்னாடி ரோமன் பதினோரு கார் பாத்திருந்தாரு. ஒண்ணுல துரு, ஒண்ணுல சத்தம், ஒண்ணுல சீட்டுல நாய் முடி. பதினொண்ணையும் வேண்டாம்னுட்டாரு. நான் முப்பது கிலோமீட்டர் தள்ளி முதியோர் இல்லத்துல வேலை பாக்குறேன். ரெண்டு குளிர்காலம், காலையில நாலரைக்கு, அந்த பஸ் ஸ்டாப்புல. வந்தா வரும், வராட்டி இல்ல. விபத்துங்குற ஒரு வார்த்தையை நான் வாய்ல எடுத்திருந்தா அந்த மனுஷன் அங்கேருந்து நேரா வீட்டுக்கு நடந்திருப்பாரு. அன்னிக்குக் கார் எதிர்க்க நிக்குது, கழுவித் துடைச்சு பளபளன்னு. பழுது எல்லாம் பாத்துட்டாங்களேன்னு நினைச்சேன். பம்பரு கிம்பரு நசுங்கியிருக்கும்னு நினைச்சேன். என்னத்தையோ நினைச்சேன்.

ஒண்ணுமில்ல, இருக்குற நிலைமையில வாங்கிக்கிறதுன்னு எழுதியிருக்கு, இவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னேன். அவரு பேனாவை எடுத்தாரு. மூணு தரம் அளக்குற மனுஷன் ஐயா, நான் சொன்னதை ஒரு தரம்கூடத் திருப்பிக் கேக்கல.

கோர்ட்டுல அவரைக் கேட்டாங்க, இந்த வரியை யாராவது படிச்சுச் சொன்னாங்களான்னு. நான் ரெண்டாவது வரிசையில ஒக்காந்திருக்கேன். எனக்கு ஜெர்மன் தெரியாது, யார்கிட்டயும் காட்டாமக் கையெழுத்துப் போட்டேன்னாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. எந்திரிச்சு நின்னு நான்தான் படிச்சேன்னு சொல்லியிருக்கணும். ஒக்காந்த இடத்துலேயே ஒக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து சூப்பு வச்சேன், குடிச்சாரு. இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல.

எழுதுறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. ஸ்வாவெக் பேருல எஸ்ஸுக்கு அடுத்து, 'வ'ன்னு நாங்க சொல்ற, கோடு போட்ட எல் ஒண்ணு வரும், நான் காட்டுறேன். தேதி இங்க. கையெழுத்து இங்க.

அப்புறம் இன்னும் ஒண்ணே ஒண்ணு. கோர்ட்டுலேருந்து உங்களைக் கூப்பிட்டு, வந்த பொம்பளை என்ன சொன்னான்னு கேட்டா, பாஷை தெரியாதவ, சைகையிலதான் கேட்டான்னு சொல்லிடுங்க ஐயா.