பிள்ளைக்கு முன்னே போன தொட்டில்

உச்சிப்பொழுது. ராதாபுரத்திலிருந்து வடக்கே வருகிற ரோடு. இரண்டு பக்கமும் பனை. ஓர் ஆள் இல்லை, ஓர் ஆடு இல்லை... பேய் ராத்திரிதான் வரும் என்று சொல்கிறவன் அந்த ரோட்டில் பகலில் போனதில்லை.

வேனை ஓட்டி வந்தவன் ஐயம்பெருமாள். என் கூட்டாளி சுடலைவடிவுக்கு மச்சினன். அவனுக்குப் பொய் சொல்ல வராது, அதற்கு மூளை வேண்டும். வேனுக்குள் ஒரு மரத்தொட்டில். காலித் தொட்டில்.

அது எதற்கு வேனில் ஏறியது என்று சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள். வாசலுக்கு முதுகு காட்டாமல்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். திருநெல்வேலி டவுனில் குமரகுருபரன் என்று ஒருவன். நிலத்தையெல்லாம் விற்றுத் தின்ற பிறகு படிப்பு மட்டும் மிஞ்சிய குடும்பம். பிள்ளைச் சாமான் கடை போட்டான். கடை எங்கே என்று கேட்டால், கம்ப்யூட்டருக்குள்ளே என்றான். பூட்டு இல்லாத கடையை நான் நம்ப மாட்டேன். ஆனால் ஓடியது. அமெரிக்காவிலோ துபாயிலோ இருக்கிறவன், ஊரில் பெண்டாட்டி மாசமாக இருந்தால், அங்கேயே படத்தைப் பார்த்துத் தொட்டில், கொசுவலை, பால்புட்டி என்று கேட்பான். ஐயம்பெருமாள் வேனில் கொண்டுபோய் இறக்குவான்.

நம் பக்கம் பிள்ளை பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வீட்டுக்குள் வராது. அதற்குக் குமரகுருபரன் வழி கண்டான். சாமானைத் தன் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வான். பிள்ளை பிறந்தது என்று போன் வந்ததும் அனுப்புவான். அம்பாசமுத்திரம், ஆழ்வார்திருநகரி என்று வேன் ஓயவில்லை. பேப்பர்க்காரன்கூட வந்து படம் எடுத்துப் போனான்.

அப்போதுதான் அவன் பெண்டாட்டி சித்ரலேகா உண்டானாள். கோயில் குளமெல்லாம் சுற்றி, கேலிப்பேச்செல்லாம் கேட்டு, தவம் கிடந்து வந்த கரு. தாய் இல்லாத பெண், அதனால் பேறுகாலமும் புருஷன் வீட்டில்தான். அந்த வீட்டில்தான் ஊரார் தொட்டிலெல்லாம் சுவரோரம் நின்றது. அவன் அம்மா அன்னத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"ஏலே, வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீட்டுல வெறுந்தொட்டில அடுக்கி வச்சிருக்கியே. ஆகாதுலே. வெளிய தள்ளு."

தள்ளினான். எங்கே? கேட்டவர்கள் வீட்டுக்கே, பிள்ளை பிறக்கும் முன்னாலேயே. தன் வீட்டுக்கு ஆகாதது ஊரார் வீட்டுக்கு ஆகும். படித்தவன் அல்லவா.

மற்ற வீடுகளில் பெரியவர்கள் வாசலிலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். ராதாபுரம் பக்கம் சுகிர்தா என்று ஒரு பெண். பிள்ளை பெறத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் அமெரிக்காவில். அவள் அப்பனும் வேண்டாம் என்றான். ஐயம்பெருமாள் போன் போட்டுக் கேட்டான். குமரகுருபரன் சொன்னது இது:

"அவ புருஷனே உள்ள மாட்டச் சொல்லிட்டாருன்னு சொல்லும்வே."

புருஷன் அப்படிச் சொல்லவே இல்லை. அது தெரியாமல் ஐயம்பெருமாள் அப்படியே ஒப்பித்தான். ஆனால் மருமகன் பேச்சு என்றதும் அப்பன் வாயை மூடிக்கொண்டான். தொட்டில் உள்ளே போனது.

பிள்ளை செத்துப் பிறந்தது. பால் மட்டும் வந்துவிட்டது. வற்றட்டும் என்று சுகிர்தாவின் மாரில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். வற்றவில்லை. காய்ச்சலில் பிதற்றினாள்... பிள்ளைக்குப் பசிக்கிறதே, பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று. கட்டின பூ அவிழ்க்குமுன் போய்ச் சேர்ந்தாள்.

தொட்டிலை எடுத்துப் போகச் சொல்லி அவள் அப்பன் ஆள் அனுப்பினான். ஐயம்பெருமாளுக்கு மனசில்லை. போகுமுன் குமரகுருபரனிடம் கேட்டான்.

"வழியிலயே எரிச்சிரட்டுமா அண்ணாச்சி?"

"ஈட்டி மரம்வே. தொடச்சா புதுசு. கொண்டாரும்."

அந்த உச்சிவெயிலில்தான் வந்தான். கிறீச்... கிறீச்... பின்னால் தொட்டில் ஆடுகிற சத்தம். ரோடு மோசம் என்று நினைத்து வேனை நிறுத்தினான். இஞ்சினையும் நிறுத்தினான். பனையோலை அசையவில்லை.

கிறீச்... கிறீச்...

வாடிய மல்லிகை வாசம். அதோடு புளித்த பால். கண்ணாடியில் பின்பக்கம் தெரியும். கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ஓட்டினான். டவுனில் வந்து இறக்கும்போது தொட்டில் மெத்தையில் கை பட்டது. ஈரம்... கைச்சூடு இருந்தது.

நிலைவாசலில் நின்ற சித்ரலேகாவைத் தாண்டித்தான் தொட்டில் உள்ளே போனது. ஏது மல்லிகை வாசம் என்று அவள் மாமியாரைக் கேட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் பூ வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வியாபாரம் படுத்தது. சுகிர்தா கதை கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் பரவியது. பிள்ளை பிறந்த பிறகும் அவன் சாமானை வாசலில் ஏற்ற எந்த மாமியாரும் சம்மதிக்கவில்லை. அமெரிக்காக்காரன் எல்லாம் நிறுத்திக்கொண்டான். போனை வெட்டினார்கள். கம்ப்யூட்டருக்குள் இருந்த கடை அங்கேயே செத்தது. அப்போதுதான் அவனுக்கும் பயம் வந்தது. அந்தத் தொட்டிலை உடைத்துக் குறுக்குத்துறையில் ஆற்றோடு விட்டான். தாமிரபரணி மரத்தைக் கொண்டுபோனது. மரத்தை மட்டும்.

சித்ரலேகாவுக்குப் பெண் பிறந்தது. உயிரோடுதான். குறை ஒன்றும் இல்லை. சேலையில் தூளி கட்டிப் போட்டார்கள். முதல் நாள், தாய்க்குப் பால் இறங்கவில்லை, பிள்ளை காலையெல்லாம் பசித்து அழுதது. உச்சிப்பொழுதில் சட்டென்று அடங்கியது. சித்ரலேகா ஓடிப்போய் எடுத்து மாரில் வைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு புடைத்திருந்தது. கடைவாயில் வெள்ளையாகப் பால்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பால் கட்டி அவளுக்கு மார் கல்லாகிப்போனது. பீய்ச்சிப் பீய்ச்சிக் கிணற்றடியில் ஊற்றினாள். தூங்காமல் பிள்ளையை மடியிலேயே வைத்துக் காவல் இருந்தாள். கண் அசந்தால் போதும்... எழுந்து பார்க்கும்போது பிள்ளை பசியாறியிருக்கும். அன்னத்தாய் மருமகள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். குமரகுருபரன் வெளித்திண்ணையை விட்டு உள்ளே வருவதில்லை. பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்ல கூட்டம். காலையிலிருந்து பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல், கண்ணைக்கூட மூடாமல், வரிசையில் இடுக்கிக்கொண்டு நின்றாள் சித்ரலேகா. நர்ஸ் எடை பார்த்தாள். சந்தோஷப்பட்டாள்.

"தாய்ப்பால் குடிக்க பிள்ளைன்னு பாத்தாலே தெரியுது. நல்லாக் குடுக்கியம்மா."

பிறகு குனிந்து, சேலை நுனியால் பிள்ளையின் கடைவாயில் வழிந்த பாலைத் துடைத்துவிட்டாள்.

"இப்பத்தான் குடுத்தியா?"

சித்ரலேகா பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்புறம், ஆமாம் என்றாள்.