இரண்டாம் பக்கம்

தேடுதல் மனுவில், ஒருவர் இறந்த ஆண்டைச் சரியாகச் சொல்கிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள், ஐயா. அப்பா எந்த வருடம் போனார் என்று கேட்டால் அண்ணன் ஒன்று சொல்வான், தங்கை ஒன்று சொல்வாள். வாசலிலேயே சண்டை மூண்டுவிடும். நான் இருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத் தேடும்படி எழுதிக் கொடுப்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் என் வேலை. கோர்ட்டில், இறந்தவர்களின் சொத்து வழக்குகளைப் பார்க்கும் பிரிவுக்கு எதிரே, தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடுகிற மேசை. எல்லோருக்கும் நான் ரைட்டர்.

அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் புரியாது. எந்த ஜன்னலில் எந்தத் தாள், எது மூலம், எது நகல், முத்திரை எங்கே குத்துவார்கள், குத்துகிறவர் சாப்பிட்டுவிட்டு எப்போது வருவார், ஒன்றும் தெரியாமல் முழிப்பார்கள். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறைதான். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து "ரைட்டர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதில்லை. எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாடியில் ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை பேசினால் குரல் கரகரக்கும். முதல் மனுதாரர் ஜலதோஷமா என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் பழைய கோப்பு ஒன்றைத் தேடச் சொன்னார். ஆவண அறைக்காரருக்கு முட்டி வலி. ஏணியில் ஏற என்னையே அனுப்புவார். நான் இறக்கிய கட்டோடு வேறொரு கோப்பும் சேர்ந்து வந்தது. படிக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்தேன்.

அப்போதே பதினைந்து வருடம் பழைய வழக்கு. இறந்தவர் ஒரு கடிகாரக் கடைக்காரர். வாரிசுகள் மனைவி, ஒரே மகன். மகன் பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவன். வழக்கு நடந்தபோது பதினெட்டு வருடமாகத் தகவல் இல்லை. அப்படிப்பட்டவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீல் எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் அந்த அம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வீடு முழுவதும் அவர் பெயருக்கு வந்திருக்கும். அவர் போடவில்லை. நீதிபதியிடம் சொன்னது குறிப்பில் அப்படியே இருந்தது. "எம்புள்ள செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் பங்கு அப்படியே இருக்கட்டும். வந்து வாங்கிப்பான்." வீட்டில் மகனைக் குருவி என்று கூப்பிடுவார்களாம், அதுவும் இருந்தது.

அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன். ஒருவர் வருவார் என்று ஒரு வீடு பாதி திறந்தே கிடக்கிறது, வர வேண்டியவரோ வரவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. அந்த மகனுக்கு ஐம்பது இருக்கும்.

பங்குக்காகப் போனேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அந்தப் பங்கைக் கேட்டு மனு எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகாது. இன்றுவரை எழுதவில்லை, பதிவேட்டைப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பில் இருந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அம்மாள் திறந்தார். இரண்டு கண்ணிலும் புரை. "அம்மா, நான்தான்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். நெற்றி, மூக்கு, வலது காதுக்குப் பின்னால். அங்கே விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். தொட்டதும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

"உள்ள வா தம்பி. வெயில்ல நிக்காத."

குருவி என்று கூப்பிடவில்லை. ஐம்பது வயது மகனை அப்படிக் கூப்பிட எந்த அம்மாவுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கோர்ட்டில் மனு எழுதுகிறேன் என்றேன். எந்தக் கோர்ட்டு என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகுதான் "சாப்டியா?" என்றார்.

மறு வருடம் மாடி அறையைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய்விட்டேன். எட்டு வருடம், ஐயா. அம்மாவின் புடவைகளைத் துவைத்து மடித்தேன். மாத்திரைகளைக் காலை, மதியம், மாலை என்று மூன்று டப்பாவில் போட்டு, விரலால் தடவிக் கண்டுபிடிக்க மூடியில் நூல் சுற்றிவைத்தேன். வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவர்களுக்கு மனு எழுதுகிறவன் நான்தானே. சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும். "இன்னிக்குக் கோர்ட்டுக்கு யார் யாரெல்லாம் வந்தாங்க?" என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் அக்கறையாகக் கேட்டதில்லை. ஒருவர் விடாமல் சொல்வேன். கடைசி ஆள் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

இப்போது நீங்கள் கேட்ட மனிதருக்கு வருகிறேன்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மேசைக்கு வந்தார். லாரி மெக்கானிக். நகக்கண்ணில் கறுப்பு. அறுபதை நெருங்கும் வயது. அம்மா பெயரில் சொத்து வழக்கு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"அம்மா எந்த வருஷம் தவறினாங்க?"

"தவறிட்டாங்களான்னே தெரியாது சார். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"வீட்டுக்கே போய்ப் பாக்கலாமே?"

"நேராப் போய்க் கதவைத் தட்ட தைரியம் இல்ல. கிளம்பினப்போ தடுக்க வந்தாங்க, கையைத் தட்டி விட்டுட்டுப் போனேன். நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? முதல்ல காகிதத்துல பாத்துக்கிறேன். இல்லைன்னு வந்தா, இருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் போறேன்."

பெயரைச் சொன்னார். அப்பா கடிகாரக் கடை என்றார். மனுதாரர் என்ன உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போடக் குனிந்தபோது வலது காதுக்குப் பின்னால் ஒரு நீளத் தழும்பு தெரிந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

அம்மாவின் பெயர் ஊரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர். பதிவேட்டில் பத்து வருடத்துக்குள் நான்கு பெண்கள் கிடைத்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்த ஒருவரை எடுத்தேன். முதல் பக்கத்தில் இறந்தவர் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். கணவர் யார், பிள்ளைகள் யார், எந்தத் தெரு என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தில். பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள் என்று எத்தனையோ பேருக்கு நானே தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முதல் பக்கத்தின் நகலை மட்டும் வாங்கிக் கொடுத்தேன். முத்திரை அசல், கையெழுத்து அசல். ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.

அவர் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். ஐந்து வரிதான். வெகு நேரம் படித்தார்.

"அடுத்த பக்கம் இல்லையா சார்?"

"அது வாரிசுக்குத்தான் குடுப்பாங்க."

"நான் வாரிசுதானே" என்று ஆரம்பித்தவர், "வேண்டாம். அதைக் கேக்க எனக்கு என்ன தகுதி இருக்கு" என்று தானே நிறுத்திக்கொண்டார். பிறகு, "கஷ்டப்பட்டாங்களா, தெரியுமா?" என்றார்.

"தூக்கத்துலயே போயிட்டாங்களாம்."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போனவர் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னார். திரும்பி வந்து நன்றி சொன்ன முதல் மனுதாரர் அவர்தான்.

பேருந்து நிலையம் இடது பக்கம். அவர் நேராகச் சாலையைக் கடந்து எதிரே இருந்த விடுதிக்குள் போனார். அவர் அப்படிச் செய்துகொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்கிறீர்களா? வேண்டாம், அதை அடித்துவிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகத்தை நான் பார்த்தேன். இனி அவர் போவதற்கு இடம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நான் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். சாலையைக் கடக்க நாற்பது அடி. படியேறிப் போய், "உங்கம்மா இருக்காங்க, வாங்க, போகலாம்" என்று சொல்ல அரை நிமிடம். அடுத்த மனுவை எடுத்தேன். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை. இரண்டு வரி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

சாயங்காலம் அம்மா வழக்கம்போலக் கேட்டாள், யார் யார் வந்தார்கள் என்று.

"இன்னிக்கு யாரும் வரலம்மா."

மறுநாள் விடுதிக்காரர் கதவை உடைத்ததும், சட்டைப்பையில் இருந்த தாளை வைத்து நீங்கள் என்னிடம் வந்ததும் உங்களுக்கே தெரியும். அவர் சாவுக்கு நான்தான் காரணம். தெரிந்தே செய்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னதாக இப்போது படித்துக் காட்டினீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. "அந்தத் தம்பி எம்புள்ள இல்லைன்னு தொட்டப்பவே தெரியும் சார். கோர்ட்டுல இருக்கிறவன். எம்புள்ள வந்தா அவன் பங்கைக் கேட்டு முதல்ல அங்கதானே வருவான், இவன் பாத்துக் கூட்டிட்டு வருவான்னுதான் வீட்டுல வெச்சுக்கிட்டேன். வந்துட்டானா சார்? கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" இதைத்தானே சொன்னாள் என்கிறீர்கள்?

எண்பத்தாறு வயது, ஐயா. முன்னறிவிப்பு இல்லாமல் போலீஸ் வந்து நின்றால் யாருக்கும் பதறும். ஞாபகம் பிசகி ஏதோ உளறியிருக்கிறாள். என்னை ஒரு மணி நேரம் அனுப்பினால் போதும், குரலைக் கேட்டதும் சரியாகிவிடுவாள். அதுவரை விடுதியில் இறந்த அந்த ஆளைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவருக்காக என் அம்மா எதற்கு அழ வேண்டும்?