நாரையின் காலுக்கு நான் பூசிய சிவப்பு

பெருமைக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து பைனாகுலரால் என் முகத்தையே ஆராயும் மூத்த உறுப்பினர்களே, ஞாயிறு விடியலில் கணவரைச் சேற்றுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் தாய்மார்களே, வணக்கம்!

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நாடு முழுவதற்குமான நம் பறவைநோக்கர் சங்கத்தின் செயலாளனாகிய நான், ஓர் உறுப்பினரின் குறிப்பைத் திருத்தினேன். ஒரு நாரையின் காலுக்குச் சாயம் பூசினேன். தூரிகையால் அல்ல, தட்டச்சால்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இந்தச் சங்கம் எதனால் நடக்கிறது? கட்டடத்தாலா? கூரை ஒழுகுகிறது. என் திறமையாலா? என் மனைவி அதோ உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். மூவாயிரம் பேர், பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்புகிறார்கள், அதனால் நடக்கிறது! அரிய பறவை என்றால் என்னையும் சேர்த்து ஐவர் குழு கூடும். பார்த்தவர் கதவுக்கு வெளியே காத்திருப்பார். ஒருவர் மறுத்தாலும் பதிவு செல்லாது.

சென்ற ஆண்டு, ஒரு சதுப்பு நிலத்தின் குறுக்கே சாலை போட ஏற்பாடானது. அரிய நாரை அங்கே குஞ்சு பொரிக்கிறது என்று நம் சங்கம் கெடு நாள் மாலை ஐந்து மணிக்குள் அரசு அலுவலகத்தில் சான்று கொடுத்தால் அந்த நிலம் தப்பிக்கும். இல்லையேல் மண் லாரி! அந்த நாரையைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான்: அந்தச் சதுப்பு நிலம் வரை போகும் பேருந்தின் நடத்துநர் அம்மா. கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் பத்து நிமிடத்தில் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

அதில் 'கால் கறுப்பு' என்றிருந்தது. புத்தகத்திலோ சிவப்பு! பாவம், குழுவில் கிழித்தெறிவார்களே என்று இரக்கப்பட்டு, சிவப்பு என்று தட்டச்சு செய்துவிட்டேன்.

குழுவின் தலைவர் பல் டாக்டர். மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"சிவந்த காலு. அப்போ வளர்ந்த பறவை, எங்கிருந்தோ வந்து போகுது. இறக்கையை அடிச்சும் எழும்பலைன்னு வேற எழுதியிருக்கு. சோம்பேறி நாரையாய்யா? கூட்டுக்கு ஆதாரம் எங்கே?"

மற்ற மூவரும் பேனாவை மூடினார்கள். மணி நாலரை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே நழுவினேன்.

நடத்துநர் அம்மா சீருடையில் நின்றிருந்தார். "என்னண்ணே ஆச்சு? ஷிஃப்ட் மாத்திட்டு வந்திருக்கேன்."

"பேசிக்கிட்டிருக்காங்கம்மா."

"கறுப்புக் காலுன்னு அழுத்திச் சொல்லுங்க. சேறோ என்னவோன்னு நாலு நாள் பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

நாலு நாள்! நான் எத்தனை நாள் பார்த்தேன்? ஒரு நிமிடம், அதுவும் புத்தகத்தை!

உள்ளே போனேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "சிவப்பு என் கைவேலை, டாக்டர்."

படித்தார். எழுந்தார். நாற்காலி சாய்ந்தது.

"கறுப்புக் காலு இந்த நாரையோட குஞ்சுக்குத்தான்யா! இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு, அங்கேதான் பொரிஞ்சிருக்கணும்! உமக்கு மயக்க ஊசி போடாம முப்பத்திரண்டையும் பிடுங்கணும்!"

ஐந்து கைகள் உயர்ந்தன. முத்திரை விழுந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. எதிர்த்தெருவிலிருந்த அந்த அரசு அலுவலகத்துக்கு உறையோடு ஓடினார் நடத்துநர் அம்மா. பின்னால் ஓடி, மூச்சு வாங்கி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் நான். சன்னல் மூடும் நேரத்தில் உறை உள்ளே போனது. சாலை வரவில்லை. நாரை இருக்கிறது!

தோழர்களே! புத்தகம் எழுதியவருக்கும் முதலில் கண்தானே இருந்தது? கறுப்பைக் கண்டால் கறுப்பென்று எழுதுங்கள்! கண்டது சிறிதென்றால் சிறிதென்று எழுதுங்கள்! காணவே இல்லையென்றால், காணவில்லை என்று எழுதுங்கள்! அந்த எழுத்தின்மேல் என் போன்ற மேதாவி எவன் கைவைத்தாலும், கையைத் தட்டிவிடுங்கள்!

என்ன, பின்வரிசையில்? 'பதவி விலகு' என்கிறீர்களா? இரண்டு முறை விலகினேன் ஐயா, யாரும் இந்த வேலைக்கு வரவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என்னை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் என் மனைவிக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. மண் இளகல், சாலை தாங்காது என்று அந்தச் சாலைத் திட்டத்தை அதற்கு ஒன்பது நாள் முன்பே கைவிட்டிருந்தார்கள். அதைச் சொன்ன கடிதம் என் மேசையில்தான் இருந்தது, நான் பிரிக்கவில்லை.