எங்கள் குடும்பத்து டிவிகளை மாட்டியவன்

ஒரு டிவியைச் சுவரில் மாட்டுவதற்குள் இத்தனை விஷயம் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை சார். வாங்கினோமா, மாட்டினோமா, பார்த்தோமா என்று முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன். நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். சிரமம் இல்லையென்றால் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

முதலில் எங்கள் வீட்டு டிவி. நானே மாட்டிவிடலாம் என்று கடைக்குப் போய் ட்ரில் மிஷினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது, வைத்துவிட்டேன். அப்புறம் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரை வரவழைத்தேன். இப்போது உங்கள் லாக்கப்பில் இருக்கிறாரே, அவர்தான். அவரை நான் சுவர்க்காரர் என்று கூப்பிடுவேன். வந்தால் வீட்டு மனிதர்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். விரல் முட்டியால் அங்கங்கே தட்டிவிட்டு, "செங்கல் சுவர் சார். பிளக் வெச்சு ஸ்குரூ முடுக்கிட்டா அசையாது" என்றார். மளமளவென்று மாட்டிவிட்டுக் கிளம்பினார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தூளைக் கூட்டாமல் போய்விட்டார். எல்லாம் அதனால் வந்த வினை.

நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது என் மனைவியும் மாமனாரும் உள்ளே வந்தார்கள். என் சட்டையெல்லாம் சிவப்புத் தூள், கையில் துடைப்பம், சுவரில் டிவி. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்களா மாட்டினீங்க?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நெற்றி வியர்வையைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

அதுவரை அந்தக் குடும்பத்தில் எனக்கு என்ன மரியாதை இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும். என் சகலை, அதாவது என் மனைவியுடைய அக்கா கணவர், எதையும் பழுது பார்ப்பார். அவர் காரில் எந்நேரமும் டூல்ஸ் பெட்டி ஒன்று இருக்கும். குழாய் ஒழுகினாலும் கதவு உரசினாலும் மாமனார் பக்கத்தில் நிற்கும் என்னைத் தாண்டி அவரைத்தான் கூப்பிடுவார். ஒருமுறை ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏணிக் காலுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு என்னைப் போய் உட்காரச் சொன்னார்கள். செங்கல் என்னைவிட நன்றாகவே பிடித்தது, அதை மறுக்கவில்லை.

அப்படிப்பட்ட மாமனார் அன்றைக்கு என் தோளில் கை வைத்தார். என் மனைவி உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரரே மாட்டிட்டாருக்கா, தனியா" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமையைக் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் போய் உண்மையைச் சொன்னால் அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும்? நான் பிறர் மனது நோக நடக்கத் தெரியாதவன்.

அடுத்தது சகலை வீடு. அடுக்குமாடி, கான்கிரீட் சுவர். அவரே முட்டி மோதிப் பார்த்திருக்கிறார், ட்ரில்லின் முனை உடைந்ததுதான் மிச்சம். "நம்ம சின்ன மாப்பிள்ளை இருக்கறப்ப நீங்க ஏன் சிரமப்படறீங்க?" என்று மாமனார் கேட்டுவிட்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வேலை நடக்கும்போது வீட்டில் ஆள் இருக்கக் கூடாது, சுவர் பேசுவதைக் கேட்க வேண்டும், கூட்டம் இருந்தால் அது வாய் திறக்காது என்றேன். எல்லோரும் பயபக்தியோடு பூங்காவுக்குப் போனார்கள். சுவர்க்காரரைப் பின்படிக்கட்டு வழியாக ஏற்றினேன். சுத்தியல் மாதிரி இடித்துக்கொண்டே துளைக்கிற பெரிய மிஷினோடு வந்து, இரும்பு போல்ட்டுகளை உள்ளே இறக்கி, கிளம்பிவிட்டார். இந்தத் தடவை தூளைக் கூட்ட வேண்டாம் என்று நானே சொல்லி, ஒரு பிடி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டேன்.

சகலை வந்ததும் ரசமட்டத்தை எடுத்து டிவியின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் நடுவில்தான் நின்றது. உடனே கை கழுவப் போய்விட்டார். அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி நான் சிரித்துக்கொண்டே தூங்கியதாக என் மனைவி சொன்னாள்.

மச்சினனின் அலுவலகத்தில் வேறு மாதிரிச் சங்கடம். அங்கே இருந்தது ஜிப்சம் பலகைத் தடுப்பு. அவன் வெளியே போக மாட்டேன், பக்கத்து அறையில் சத்தம் போடாமல் இருக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டான். நல்லவேளை தரைத்தளம், சுவர்க்காரரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். அவர் ஒரு காந்தத்தைப் பலகைமேல் நகர்த்தி, "பலகைய நம்பக் கூடாது சார். பின்னால ஓடுற இரும்புச் சட்டத்தத்தான் நம்பணும்" என்று என் காதில் கிசுகிசுத்தார். அதுவரை சரி. ஆனால் வேலையில் இறங்கினால் அவருக்குத் தன்னையறியாமல் பாட்டு வந்துவிடும். ஒரே பாட்டுதான், ஒரே இடத்தில்தான் சுருதி சறுக்கும்.

"அத்தான், நீங்க பாடுவீங்களா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வேலை செய்யறப்ப மட்டும்" என்றேன்.

அன்றிலிருந்து நான் பாடகனும் ஆனேன். குடும்பம் கூடினால் பாடச் சொல்வார்கள். கையில் ட்ரில் இருந்தால்தான் வரும் என்று சமாளித்துவந்தேன்.

ஜன்னலில் கால் போட்டு இறங்கும்போது சுவர்க்காரர் முகம் வாடியிருந்தது. "காசெல்லாம் சரியாத்தான் குடுக்கறீங்க சார். ஒரு தடவையாவது வாசல் வழியா வரணும். வேலை நல்லாருக்குன்னு உங்க மாமனார் வாயால கேக்கணும்" என்றார். எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. பாராட்டுக்காக ஏங்குகிறவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை.

கடைசியாக மாமனாரின் சொந்த வீடு. பழைய கட்டடம், மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பிய சுவர். இருப்பதிலேயே பெரிய டிவியாகப் பார்த்து வாங்கிவிட்டு, மாட்டினால் எங்கள் சின்ன மாப்பிள்ளைதான் மாட்ட வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வழக்கம்போல எல்லோரையும் கடைக்கு அனுப்பிவிட்டுச் சுவர்க்காரரை வரவழைத்தேன். தட்டிப் பார்த்தவர், "இது சுவர் இல்ல சார், பொரி உருண்டை" என்றார். போல்ட் நிற்காது, சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலகை கொடுத்து நீளக் கம்பியால் இறுக்க வேண்டும், நேரம் எடுக்கும் என்றார். எடுங்கள் என்றேன். அவருக்கு டீ போடச் சமையலறைக்குப் போனேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சகலை கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி எல்லோரையும் பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார். அவர் மறந்தாரா, மோப்பம் பிடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நான் டீயோடு கூடத்துக்கு வந்தபோது வாசலில் குடும்பமே நின்றது. கூடத்தின் நடுவில் முன்பின் தெரியாத ஓர் ஆள், இரண்டு கைகளிலும் புது டிவியைத் தூக்கிக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் வழியில்லை, மாட்டவும் வழியில்லை.

"திருடன்" என்றார் மாமனார்.

சுவர்க்காரர் என்னைப் பார்த்தார். மாமனாரும் என்னைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள், அவள் முகத்தில் பயம் இருந்தது, கூடவே இனி இவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் இருந்தது. நான் பதறவில்லை. டீயை மேசைமேல் வைத்தேன், சிந்தக் கூடாது என்று பார்த்து வைத்தேன்.

"நான் மாட்டி வெச்சதக் கழட்டிட்டான் மாமா" என்றேன்.

பிறகு நடந்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. டிவியைப் பத்திரமாக வாங்கிக் கட்டிலில் சாய்த்தோம். அவரை நாற்காலியில் உட்கார வைத்து டிவி ஒயராலேயே கட்டினோம். "இந்த நாற்காலிக்குக் கால் ஆடுது, வேற போடுங்க" என்று அவரே சொன்னார், மாற்றிப் போட்டோம். முடிச்சைச் சகலைதான் போட ஆரம்பித்தார். எல்லாப் பெயரும் அவருக்கே போகக் கூடாது என்று கடைசி முடிச்சை நான் போட்டேன்.

இங்கே வந்ததும் சுவர்க்காரர் உள்ளது உள்ளபடி சொன்னார். இந்தக் குடும்பத்தில் எல்லா டிவியும் தான் மாட்டியதுதான் என்றார். மாமனார் என் வலது கையைப் பிடித்து உங்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "இந்தக் கையப் பாத்து சொல்லுங்க" என்றார். நீங்களும் பார்த்தீர்கள். நான் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவரை உள்ளே வைத்தீர்கள்.

ஆனால் அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது. லாக்கப் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தட்டினால் பாட்டு வந்துவிடும் அவருக்கு. என்னோடு வந்திருந்த மச்சினன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டான். சுருதி சறுக்கும் இடம் வந்தது, சறுக்கியது.

"அத்தான், இது உங்க பாட்டாச்சே" என்றான்.

நீங்கள் என்னைப் பாடச் சொன்னீர்கள். பாடினேன். அந்த ஏட்டையா எழுந்து வெளியே போனதை நானும் கவனித்தேன்.

ஆகையால் ஒப்புக்கொள்கிறேன். அவர் திருடர் இல்லை. தெரிந்தே பழி சுமத்தினேன், கட்டினேன், பொய்ப் புகார் எழுதினேன். நான் உங்களிடம் பிடிபடாமல் இருந்திருந்தால் அவர் ஜெயிலுக்கே போயிருப்பார், நான் அவ்வப்போது நினைத்து வருத்தப்பட்டிருப்பேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மாமனாருக்கு இதையெல்லாம் படித்துக் காட்டப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் எழுதியதில், டிவிகளை மாட்டியது அவர்தான் என்று ஒரு வரி வருகிறது. துளை போட்டது அவர், போல்ட் இறக்கியது அவர், தூக்கி வைத்தது அவர், மட்டம் பார்த்தது அவர். அதையெல்லாம் நான் மறைக்கவே இல்லை. ஆனால் மாட்டியது யார் என்று எங்கள் குடும்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள் சார். பொய்யான எதிலும் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.